52 மிமீ கிட் போட்டேன், மெக்னட் முழுச்சுற்று வரமாட்டேன் என்கிறது

வெள்ளவத்தைச் சாலி:

வணக்கம். அப்பாவின் பழைய சின்ன மோட்டார்சைக்கிள், ஹொண்டா சாலி, 6 வோல்ட், 72 சிசி எஞ்சின். பழைய பிஸ்டன் 47 மிமீ. பிளாக் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்) உள்ளே கோடு கோடாகத் தேய்ந்து புகைவிட ஆரம்பித்திருந்தது. எப்படியும் பிளாக் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதென்றால் கொஞ்சம் பெரிதாகவே போடுவோம் என்று பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் 52 மிமீ கிட் வாங்கினேன். பிளாக், பிஸ்டன், ரிங், பின், கஸ்கட் செட் எல்லாம் ஒரே பெட்டியில். பிளாக்கை மேலே மூடுகிற ஹெட் மட்டும் கிடையாது, பழையதையே போடலாம் என்றார்கள். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) 41.4 மிமீ, அது மாறவில்லை, எனவே கணக்குப்படி 88 சிசி வரவேண்டும்.

எஞ்சினைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வீரகேசரியை விரித்து அதன்மேல் வைத்துத்தான் வேலை செய்கிறேன். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, அது வேறு கதை.

செய்தது இவ்வளவுதான். பிளாக்கின் அடிக்கழுத்து எஞ்சின் கேஸின் வாய்க்குள் எங்கும் முட்டாமல் இறங்குகிறதா என்று முதலில் வெறுமையாகப் போட்டுப் பார்த்தேன், இறங்கியது. ரிங் இடைவெளி பீலர் கேஜில் 0.20 மிமீ வந்தது. எழுத்துள்ள பக்கம் மேலே வைத்து, வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்று வராதபடி ரிங்குகளைப் போட்டேன். கேஸ் வாயில் துணி அடைத்துக்கொண்டு பிஸ்டன் பின்னுக்குப் புதுக் கிளிப் போட்டேன். பிஸ்டன் தலையில் ஐஎன் என்று அடித்திருக்கும் பக்கம் காபரேட்டர் பக்கம் பார்த்தபடி. பிறகு பேஸ் கஸ்கட், இரண்டு டவல் பின், ஓரிங், பிளாக், செயின் உருளையின் பக்கவாட்டு போல்ட், ஹெட் கஸ்கட், ஹெட். மெக்னட்டில் (கிராங் தண்டின் நுனியில் உள்ள காந்தச் சக்கரம்) பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியைக் கேஸில் உள்ள வெட்டுக்கு நேரே வைத்துக்கொண்டு நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக இறுக்கினேன். கடைசியில் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டின் பல்சக்கரத்தில் ஓ குறியை ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே வைத்து மூன்று போல்ட்டையும் போட்டேன்.

இப்போது கையால் மெக்னட்டைச் சுற்றினால் ஓரிடத்தில் டக் என்று நிற்கிறது. பிளக் கழற்றித்தான் இருக்கிறது, ஆகவே கம்ப்ரஷன் அல்ல. இரும்பில் இரும்பு முட்டுகிற மாதிரிச் சத்தம். டைமிங்தான் (வால்வு திறந்து மூடும் நேரம்) பிழையா? பல்லை எண்ணினேன், கேமில் 28 இருக்கிறது. ஒரு பல் தவறினால் இப்படி நிற்குமா?


கிக்கர் கொட்டாஞ்சேனை:

மச்சான் புதுப் பிஸ்டன், புது ரிங், இறுக்கமாகத்தான் இருக்கும். ஃப்ரேமில் ஏற்றி இரண்டு கிக் பலமாகப் போடு, தானாக விட்டுவிடும். என் ஹொண்டா சி90 அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் ஓடுகிறது.


லேத்துக்காரன்:

தம்பி, தயவுசெய்து கிக் போட வேண்டாம். இறுக்கம் என்றால் சுற்று முழுக்க ஒரே மாதிரிப் பிடிக்கும், கை வலிக்கும், ஆனாலும் சுற்றும். ஓரிடத்தில் டக் என்று நிற்பது இறுக்கம் அல்ல, ஏதோ ஒன்று ஏதோ ஒன்றில் முட்டுகிறது. இதற்குமேல் கிக்கரில் ஏறி நின்றால் நூறு ரூபாய்ச் சாமானில் முடியவேண்டியது வால்வு வளைந்து, பிஸ்டன் தலை நசுங்கி, கனெக்டிங் ரொட் வரைக்கும் போகும். 30 வருடமாக லேத்தில் நிற்கிறேன், "இரண்டு கிக் போட்டேன் அண்ணே" என்று ஒரு பையில் துண்டுகளைக் கொண்டுவந்தவர்கள் கணக்கே இல்லை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். கிராங் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று. 28 பல் என்றால் ஒரு பல் தவறுவது கேமில் 13 பாகைக்குக் கொஞ்சம் குறைவு, கிராங்கில் அதன் இருமடங்கு, ஏறக்குறைய 26 பாகை. பெரிய பிழைதான். வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் ஒழுங்காக இழுக்காது. ஆனால் சின்ன எஞ்சினில் ஒரு பல்லுக்கே வால்வு முட்டிவிடும் என்று இல்லை.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும்.

எங்கே நிற்கிறது, மேலேயா கீழேயா? பிளக் துளைக்குள் ஒரு ஸ்ட்ரோவை விட்டுப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். கீழே நின்றால் பிஸ்டனின் பாவாடையோ பிளாக்கின் கழுத்தோ கிராங் எடைக்கட்டியில் தட்டுகிறது. மேலே நின்றால் வால்வு அல்லது ஹெட்.

ஒவ்வொரு சுற்றிலும் நிற்கிறதா, அல்லது ஒன்றுவிட்டு ஒன்றா? இதுதான் முக்கியம். வால்வு என்றால் ஒரு சுற்று மேலே போய்வரும், அடுத்த சுற்றில்தான் தட்டும், ஏனென்றால் கம்ப்ரஷன் நேரத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஹெட் எங்கும் ஓடிப்போகாது, அது ஒவ்வொரு தடவையும் அங்கேயே இருக்கும்.

பின்பக்கமாகச் சுற்றினாலும் நிற்கிறதா? டி குறிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு?

இன்னொன்று. நட் இறுக்கும்போது மெக்னட் தானாக அசைந்ததா?


வெள்ளவத்தைச் சாலி:

அண்ணா, கடைசிக் கேள்வியை நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆமாம், அசைந்தது. நட் இறுக இறுக டி குறி வெட்டைவிட்டு ஒரு விரல் அகலத்துக்கு மேலாகத் தானாக நகர்ந்தது. செயின் இழுக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன், திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. சரி, தீப்பொறி விழும் இடத்தைக் காட்டும் எஃப் குறிக்குக் கிட்டத்தான் நிற்கிறது, பரவாயில்லை என்று கேமைப் போட்டுவிட்டேன். (தெரியும், திட்டுங்கள்.)

ஸ்ட்ரோ விட்டுப் பார்த்தேன். மேலேதான் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நிற்கிறது. பின்னால் சுற்றினால் ஏறக்குறைய ஒரு முழுச்சுற்று வந்து டி குறிக்கு மறுபக்கம் அதே ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது.


லேத்துக்காரன்:

அப்போ முடிந்தது. வால்வை விடுங்கள், டைமிங்கை விடுங்கள். பிஸ்டன் தலை ஹெட்டில் முட்டுகிறது. டி குறியில் வைத்துக்கொண்டு ஹெட்டை இறுக்கினீர்கள், ஹெட் பிஸ்டனைக் கீழே தள்ளியது, பிஸ்டன் கிராங்கைச் சுற்றியது, மெக்னட் நகர்ந்தது. எஞ்சின் அப்போதே சொல்லிவிட்டது.

காரணம் எளிது. உங்கள் பழைய ஹெட்டின் அறை வாய் 47 மிமீ பிஸ்டனுக்கு வெட்டியது. புதுப் பிஸ்டன் 52. சுற்றிவரப் பக்கத்துக்கு இரண்டரை மிமீ ஹெட்டின் தட்டையான விளிம்பு பிஸ்டன்மேல் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் தலையும் தட்டை என்றால் இடைவெளி இருக்கும்வரை அதில் பிரச்சினையே இல்லை, கஸ்கட் தடிப்பு காப்பாற்றிவிடும். ஆனால் உங்கள் கிட்டின் பிஸ்டன் குவிந்த தலை உள்ளதாக இருக்கவேண்டும். அந்தக் குவிவு 52 மிமீ வாயுள்ள ஹெட்டுக்குள் நுழைய வேண்டியது, உங்களிடம் அதற்கு வாசல் இல்லை.

நிச்சயப்படுத்த ஒரு வழி. ஹெட்டைக் கழற்றி இரண்டு முகத்தையும் பெற்றோல் துணியால் துடையுங்கள். கொஞ்சம் குங்குமத்தைக் கிரீஸில் குழைத்துப் பிஸ்டன் தலையில் மெல்லிசாகப் பூசுங்கள். பிஸ்டனை நன்றாகக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு அதே பழைய கஸ்கட்டோடு ஹெட்டை மூட்டுங்கள். கேம் பல்சக்கரத்தைப் போடவேண்டாம், கேமின் மூக்கு இரண்டும் பிஸ்டன் பக்கம் பார்த்து ரொக்கர்கள் (வால்வைத் தள்ளுகிற கைகள்) ஆடுகிற நிலையில் விடுங்கள், அப்போது வால்வு இரண்டும் மூடியிருக்கும். செயினை ஒரு கம்பியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெக்னட்டைத் தட்டும்வரை மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு திறந்தால் எங்கே முட்டுகிறதோ அங்கே சிவப்பாக ஒட்டியிருக்கும். எங்கள் பட்டறையில் இதற்கென்று நீல மை இருக்கிறது, ஆனால் குங்குமமும் அதே வேலைதான், அதைவிட மலிவு.


கிக்கர் கொட்டாஞ்சேனை:

சரி நான் சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெட் முட்டுகிறது என்றால் பேஸ் கஸ்கட் இரண்டு போட்டு பிளாக்கைத் தூக்கிவிட்டால் போச்சே? லேத்துச் செலவு எதற்கு?


தெமட்டகொடை நானா:

தம்பி, இரண்டு கஸ்கட் போட்டால் எவ்வளவு உயரும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பேஸ் கஸ்கட் அரை மிமீ கூட வராது, அதுவும் இறுக்கினதும் நசுங்கிவிடும். இந்தப் பையனுக்கு டி குறியிலிருந்து ஒரு விரலுக்கு மேல் தள்ளி நிற்கிறது. அந்தச் சின்ன மெக்னட்டில் அது 20 பாகை இருக்கும், 41.4 ஸ்ட்ரோக்கில் 20 பாகைக்குப் பிஸ்டன் ஏறக்குறைய ஒன்றரை மிமீ. மூன்று நாலு கஸ்கட் அடுக்குவீர்களா? கடதாசி அடுக்கின இடத்தால் எண்ணெய் கசியும், பிளாக் உயர்ந்த அளவுக்கு டைமிங்கும் நகரும்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன், என் கையாலேயே நடந்தது. பல வருடத்துக்கு முன் என்னுடைய சி70க்குக் கசிவை நிறுத்தக் கஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிக்கன் தாராளமாக அப்பினேன். இந்த எஞ்சினில் கேமுக்குப் போகிற எண்ணெய் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட்டின் துளை வழியாகத்தான் மேலே ஏறுகிறது, அதற்கு வேறு குழாய் கிடையாது. பிதுங்கின சிலிக்கன் அந்த வழியை அடைத்துவிட்டது. கடுவெலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கேம் காய்ந்து ஹெட்டின் அலுமினியத்தைத் தின்றுவிட்டது. ஹெட்டே போனது. ஆகவே சிலிக்கன் வேண்டாம், கஸ்கட் காய்ந்தபடியே போடுங்கள், ஓரிங் மட்டும் புதிதாக இருக்கட்டும். மூட்டின பிறகு பிளக்கைக் கழற்றி, மேல் டாப்பெட் மூடியையும் திறந்துவைத்துக்கொண்டு கிக்கரை நிறையத் தடவை அடித்துப் பாருங்கள். ரொக்கர் பக்கம் எண்ணெய் நனைய வேண்டும். நனையாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.


வெள்ளவத்தைச் சாலி:

குங்குமம் சொல்லிவிட்டது. ஹெட் விளிம்பில் சுற்றிவர ஒரு சிவப்பு வளையம், கோயில் தூணில் பூசின மாதிரி. வால்வு முகத்தில் ஒரு பொட்டும் இல்லை. பிஸ்டன் தலையில் குவிவு ஆரம்பிக்கிற இடத்தில் நான் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்ததால் வந்த சின்ன மினுக்கம் ஒன்று இருக்கிறது, கீறல் இல்லை.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "அது ஹெட்டோட வாங்கணும் மல்லி, உங்களுக்கு யார் இதைத் தந்தது?" என்று தந்தவரே கேட்டார். இந்த மாதிரி ஹெட் இப்போது கையிருப்பில் இல்லையாம். ஆகவே பழைய ஹெட்டை வெட்டலாமா? வெட்டினால் கம்ப்ரஷன் போய்விடுமா?


லேத்துக்காரன்:

வெட்டலாம். நன்றாகவே வெட்டலாம். கம்ப்ரஷன் போய்விடும் என்று பயப்படாதீர்கள், உங்களுக்குப் பயம் மறுபக்கம் இருக்கவேண்டும். பழைய கம்ப்ரஷன் விகிதம் 9க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 71.8 சிசி இடப்பெயர்ச்சி, அதை 8ஆல் வகுத்தால் மேலே மிஞ்சுகிற இடம் 9 சிசி. அந்த இடத்தை மாற்றாமல் பிளாக்கை மட்டும் 87.9 ஆக்கினால் 87.9ஐ 9ஆல் வகுத்து ஒன்று கூட்டுங்கள், 10.8 வரும். கிட்டில் இருப்பதோ குவிந்த பிஸ்டன், அது இன்னும் இடத்தைத் தின்னும். காற்று வாங்கிக் குளிர்கிற ஒரு குட்டி எஞ்சினுக்கு, கொழும்பு வெயிலில், காலி வீதி நெரிசலில், இது அதிகம். டக்டக்கென்று அடிக்கும். ஆகவே வாயை வெட்டுவதால் கொஞ்சம் இடம் கூடுவது நல்லதுதான்.

வால்வையும் ஸ்பிரிங்கையும் கழற்றி வெறும் ஹெட்டாகக் கொண்டுபோங்கள். பிஸ்டனையும் கையோடு கொண்டுபோங்கள், குவிவின் சரிவைப் பார்த்துத்தான் வாயின் சரிவை வெட்டவேண்டும். சும்மா 52க்கு நேராகக் குடைந்தால் மூலையில் ஒரு படி உருவாகும், அது சூடேறிச் சிவக்கும். வெட்டினதும் விளிம்பில் கூர் இல்லாமல் நைசாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கஸ்கட் முகத்தை அவர்கள் தொடக்கூடாது, ஒரு நூல் சீவினாலும் நாம் செய்த வேலைக்கு எதிர்.

திரும்பி வந்தபிறகு குங்குமம் போதாது, இடைவெளியின் அளவு வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசினை எடுத்து விளிம்பில் நாலு இடத்திலும் வால்வுக்கு நேரே இரண்டு இடத்திலும் சின்ன உருண்டையாக வைத்து, மேலே துளி எண்ணெய் தொட்டு, இந்தத் தடவை கேமும் செயினும் சரியாகப் போட்டு, டாப்பெட் இடைவெளியை (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே) 0.05 மிமீக்கு வைத்து, இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். திறந்து பிளேடால் குறுக்கே வெட்டித் தடிப்பை அளவுங்கள். விளிம்பில் 1 மிமீக்குக் குறையக்கூடாது. வால்வுக்கு நேரே உள்வாங்கும் பக்கம் ஒன்றரை, வெளிவிடும் பக்கம் இரண்டு இருந்தால் நான் நிம்மதியாக விடுவேன். ஒரு மிமீக்குக் குறைந்தால் திரும்ப லேத்து. வேறு வழியில்லை.


தெமட்டகொடை நானா:

டோர்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் நட்டைத் தொடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 6 மிமீ ஸ்டட். கையேட்டில் உங்கள் மொடலுக்குப் போட்டிருப்பதைப் பாருங்கள். பொதுவாக 6 மிமீ நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் வட்டாரம்தான், அதாவது மணிக்கட்டுப் பலம், தோள் பலம் அல்ல. எங்கள் பக்கம் "இன்னும் கொஞ்சம் இறுக்கட்டும்" என்று இழுத்துக் கேஸில் இருந்து ஸ்டட்டைப் பிடுங்கினவர்கள்தான் அதிகம்.


லேத்துக்காரன்:

நானாவோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் ரெஞ்ச் இருக்கிறவன் எல்லாம் சரியாக இறுக்குவான் என்று இல்லை. ஸ்டட் மரை அழுக்காக இருந்தால் ரெஞ்ச் க்ளிக் சொல்லும், கஸ்கட்டில் இறுக்கம் இருக்காது. முதலில் மரையைத் துடையுங்கள், பிறகு ரெஞ்ச். இரண்டு மூன்று கட்டமாக, குறுக்கே. நாலு நட்டும் முடிந்த பிறகுதான் பக்கவாட்டுச் சின்ன போல்ட்டுகள்.


வெள்ளவத்தைச் சாலி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தெமட்டகொடையில் ஒரு பட்டறையில் ஹெட் வெட்டினேன், பிஸ்டனைக் கையில் வாங்கி அந்த பாஸ் ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். பிளாஸ்டிசின் விளிம்பில் 1.1, 1.2, 1.2, 1.1. வால்வுக்கு நேரே 2.3, 2.6. மருந்துக்கடையில் வாங்கின 10 மில்லி ஊசியால், பிஸ்டன் மேலே நிற்கும்போது, பிளக் துளை மேலே பார்க்கிறபடி எஞ்சினைச் சாய்த்துப் பிடித்து, மரையின் அடிவரைக்கும் எண்ணெய் ஊற்றி அளந்தேன். 9.8 சிசி போனது. கணக்குப் போட்டால் 10க்கு ஒரு மயிரிழை குறைவு. 95 ஒக்டேன் பெற்றோல்தான் இனி.

இந்தத் தடவை நட் இறுக்கும்போது டி குறி வெட்டிலிருந்து அசையவே இல்லை. ஓ குறியும் நேர். இரண்டு சுற்றும் பட்டுமாதிரி வந்தது, கையாலேயே பத்து தடவை சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவும் வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

எண்ணெய் 0.8 லீற்றர் ஊற்றியாயிற்று. காபரேட்டரில் பெற்றோல் போகிற மெயின் ஜெட் இரண்டு அளவு பெரிதாக வாங்கி வைத்திருக்கிறேன், பிளக் நிறத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். விடிய ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் ஆளில்லாத நேரத்தில் ஓட்டிப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை தூரம் மெதுவாக ஓட்டவேண்டும்?


தெமட்டகொடை நானா:

மெதுவாக என்பதல்ல, ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது என்பதுதான். கொஞ்சம் இழுங்கள், விடுங்கள், திரும்ப இழுங்கள், ரிங் பிளாக்கோடு உட்காருவது அப்படித்தான். பம்பலப்பிட்டி வரை போய் நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 50 கிலோமீற்றரில் எண்ணெயை மாற்றிவிடுங்கள், வெளியே வருகிறது வெள்ளி மினுக்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். 500 வரைக்கும் திரொட்டிலை முழுசாகத் திருக வேண்டாம், பின்னால் ஆளையும் ஏற்ற வேண்டாம். முதல் தடவை சூடாகி முழுதாக ஆறினபிறகு டாப்பெட்டைத் திரும்பப் பாருங்கள்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் சிசி 72 என்றுதானே எழுதியிருக்கும்? அதையும் யோசித்துக்கொள்ளுங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லாமல் ஓட்டி ஏதாவது நடந்தால் பேச்சுக்கு இடம் இருக்காது.


வெள்ளவத்தைச் சாலி:

அதை விசாரிக்கிறேன் நானா. இன்னும் ஒரு சின்னக் கேள்வி. எல்லாம் மூட்டி முடித்து மேசையைத் துடைக்கும்போது வீரகேசரிக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் கிடந்தது. ஹெட் நட் நாலுக்கும் வாஷர் போட்டிருக்கிறேன், அவை இரும்பு. இது கிட்டில் மேலதிகமாக வந்ததா?


லேத்துக்காரன்:

மேலதிகம் அல்ல. எண்ணெய் ஏறுகிற ஸ்டட்டுக்கு உரியது, அந்த நட்டின் கீழே எண்ணெய் மரை வழியாகக் கசியாமல் இருக்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கழற்றுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா?


வெள்ளவத்தைச் சாலி:

இருக்கிறது. பார்த்தேன். அதில் தெளிவாகத் தெரிகிறது, மற்ற மூன்றும் வெள்ளை, ஒன்று மட்டும் சிவப்பு.

அம்மாவிடம் மேசையைத் திரும்பக் கேட்கப் போகிறேன்.